பழந்துருக்கியச் சொற்களின் வேரை எப்படித் தேடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: துருக்கிய மொழிகளில் தொடர்ச்சியான எழுத்துச் சான்று ஏறக்குறைய கி.பி. 8-ஆம் நூற்றாண்டிலிருந்துதான் கிடைக்கிறது. அப்படியிருக்க, அதற்கு முன்பு ஒரு சொல் எப்படி இருந்தது, எங்கிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களைப் பக்கத்தில் வைத்து ஊகிப்பதுதானா?

ஊகம் உண்டு. ஆனால் அதற்குக் கடுமையான கட்டுப்பாடும் உண்டு. ஒலி ஒற்றுமை இந்தத் துறையில் மிகக் குறைந்த மதிப்புள்ள சான்று. ஒரே ஒலி வேறுபாடு பல சொற்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறதா, எந்த ஆண்டில் எந்த ஊரில் யார் அந்தச் சொல்லை எழுதிவைத்தார்கள், அப்போது அதற்கு என்ன பொருள் என்பவைதான் எடைபோடப்படுகின்றன.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். துருக்கி நாட்டில் பேசுவது துருக்கி மொழி. அது ஒரு பெரிய குடும்பத்தின் ஓர் உறுப்பு மட்டுமே. அசர்பைஜானி, துர்க்மேன், உஸ்பெக், கசாக், உய்குர், தாதார், சைபீரியாவின் யாகுத், வோல்கா ஆற்றுப் பகுதியின் சுவாஷ் எல்லாம் அதே குடும்பம்தான். குடும்பத்தை இங்கே துருக்கிய மொழிகள் என்கிறேன். இன்னொன்று: இந்தச் சொற்களின் நடுவிலும் இறுதியிலும் நான் 'ஸ்' என்று எழுதும் பெரும்பாலான இடங்களில், ஆங்கிலேயர் ஜீரோ என்று சொல்லும்போது முதலில் வருகிற அதிர்வொலியை நினைத்துப் படியுங்கள்.

மங்கோலியாவின் ஓர்க்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய கல்தூண் இருக்கிறது. பில்கே ககான் என்ற துருக்கிய அரசன், இறந்துபோன தன் தம்பி குல் தெகினின் நினைவாக 732-இல் நிறுத்தியது. 1889-இல் நிகொலாய் யாத்ரின்த்செவ் தலைமையில் போன ரஷ்யக் குழு அதைக் கண்டது. யாராலும் படிக்க முடியாத எழுத்து. 1893 டிசம்பரில் டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் அதைப் படித்துவிட்டதாக அறிவித்தார். தூணின் ஒரு முகத்தில் சீன வாசகம் இருந்தது அவருக்கு உதவியது. அவர் முதலில் பிடித்த சொற்கள் மூன்று: வானத்தையும் கடவுளையும் குறிக்கும் தெங்ரி, பிறகு குல் தெகின் என்ற பெயர், பிறகு துருக்.

அந்தத் தூணின் வடக்கு முகத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். சொல்லாய்வுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது. ஆண்கள் போருக்குப் போயிருந்த நேரத்தில் ஓகுஸ் என்ற குலத்துப் பகைவர்கள் அரச முகாமைத் தாக்குகிறார்கள். குல் தெகின் வெள்ளைக் குதிரை ஏறி ஒன்பது பேரை ஈட்டியால் குத்தி வீழ்த்தி முகாமைக் காக்கிறான். அண்ணன் பேசுகிறான்: அரசியான என் தாய், மற்றத் தாய்மார், அக்காமார், மருமகள்கள், இளவரசிகள் என நீங்கள் எல்லோரும் உயிரோடு மிஞ்சியிருந்தால் அடிமைப் பெண்களாகியிருப்பீர்கள், செத்தவர்கள் முகாமிலும் வழியிலும் கிடந்திருப்பீர்கள், குல் தெகின் இல்லையென்றால் எல்லோரும் மாண்டிருப்பீர்கள்.

இந்தச் சில வரிகளுக்குள் ஐந்தாறு சொற்கள் ஐந்தாறு வழிகளில் வந்து நிற்கின்றன.

'தாய்' என்பதற்கு அங்கே இருக்கும் சொல் ஒக். இன்றைய துருக்கி மொழியில் தாய்க்கு அன்னெ என்கிறார்கள். ஒக் தனிச் சொல்லாக அங்கே வழக்கொழிந்துவிட்டது. ஆனால் தாயில்லாப் பிள்ளையை இன்றும் ஒக்ஸுஸ் என்கிறார்கள். 'இல்லாத' என்ற பொருள் தரும் பின்னொட்டு இன்றும் நூற்றுக்கணக்கான சொற்களில் இயங்குவதால், அதைக் கழித்தால் ஒக் வெளியே வந்துவிடுகிறது. கல்வெட்டே கிடைக்காமல் போயிருந்தாலும் அப்படி ஒரு வேர் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்க முடியும். ஒட்டுநிலை மொழிகளின் வரம் இது. தமிழைப் போலவே இங்கேயும் வேர் முன்னால் நிற்கும், ஒட்டுகள் பின்னால் வரிசையாகச் சேரும், வேர் பெரும்பாலும் உருக்குலையாது. பில் என்றால் 'அறி', பிலிக் அறிவு, பில்கே அறிவாளி. கல்லை நாட்டிய அரசனின் பெயரே அதுதான்.

இளவரசிகளுக்குக் கல்வெட்டில் வருவது குன்சுய். இது வேறு கதை. துருக்கியத்தில் இதைப் பிரிக்க முடியாது. வேரும் இல்லை, ஒட்டும் இல்லை. ஆனால் சீனத்தில் இளவரசிக்கு கோங்ஜு என்று ஈரசைச் சொல் இருக்கிறது. கல்வெட்டுக் காலத்தில் சீனத்தை ஆண்ட தாங் மரபின் காலத்து உச்சரிப்பை மீட்டெடுத்துப் பார்த்தால் இரண்டும் பொருந்துகின்றன. வரலாறும் ஒத்துவருகிறது: சீன அரசகுலப் பெண்களைத் துருக்கிய அரசர்களுக்கு மணம் முடித்துக் கொடுப்பது அன்றைய அரசதந்திரம். பெண்ணோடு சொல்லும் போனது. ஒலி, பொருள், வரலாறு என்ற மூன்றும் ஒரே திசையைக் காட்டும்போதுதான் கடன்சொல் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

அரசியைக் குறிக்கும் கதுன் ஓரளவு உறுதியானது. சமர்கந்துப் பகுதியின் சோக்தியர்கள் பட்டுப் பாதை முழுவதும் வணிகம் செய்தவர்கள். அவர்களுடையது ஈரானியக் கிளைமொழி. அதில் அரசிக்கு இருக்கும் சொல்லே கதுனாகியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. 'நகரம்' என்ற பொருளுடைய கெந்த் அவர்களிடமிருந்து வந்ததுதான். தாஷ்கெந்த் என்ற பெயரில் 'கல்' என்ற பொருளுள்ள துருக்கியத் தாஷும், சோக்தியக் கெந்தும் சேர்ந்திருக்கின்றன.

பகைவர்கள் தாக்கிய அரச முகாமுக்கு அங்கே ஓர்து என்று இருக்கிறது. இன்றைய துருக்கியில் ஓர்து என்றால் படை. அதை வைத்து 'படை' என்பதே மூலப்பொருள் என்று எடுத்துக்கொண்டால் தவறான பாதையில் போய்விடுவோம். 13-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய துருக்கியச் சொற்களுக்கு 1972-இல் சொற்பிறப்பு அகராதி வெளியிட்ட ஜெரார்ட் கிளாசன் வலியுறுத்தியது இதைத்தான்: முதலில் பழைய பொருளைக் கண்டுபிடி, பிறகு வேரைத் தேடு. பழைய பொருள் அரசன் தங்கும் இடம். அரசன் இருக்கும் இடத்தில் படை இருக்கும், அதனால் பொருள் நகர்ந்தது. டெல்லியில் முகலாய அரசரின் உயர்ந்த முகாம் மொழி என்ற பாரசீகத் தொடர் சுருங்கித்தான் உருது என்ற மொழிப்பெயர் ஆனது. அங்கே பழைய பொருளின் நிழல் இன்னும் இருக்கிறது.

செத்தவர்கள் கிடந்திருப்பார்கள் என்று சொல்லப்படும் இடம் யுர்த். இன்று உலகம் முழுவதும் யுர்த் என்றால் புல்வெளி மக்களின் வட்டக் கூடாரம். துருக்கியில் தாயகம். 11-ஆம் நூற்றாண்டு அகராதியிலோ, ஆட்கள் விட்டுப்போன முகாமின் தடம் என்ற பொருள். மக்கள் கிளம்பிப் போன பிறகு தரையில் மிஞ்சும் அடையாளம், பிறகு வழக்கமாகத் திரும்பி வந்து தங்கும் இடம், பிறகு இருப்பிடம், கடைசியில் நாடு. கூடாரம் என்ற பொருள் ரஷ்யர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது நிலைத்தது. கல்வெட்டு வரியில் 'கூடாரத்தில் கிடந்திருப்பீர்கள்' என்று மொழிபெயர்த்தால் கொடூரமே போய்விடும்; வெற்றுத் தரையில், கைவிடப்பட்ட முகாமில் கிடப்பதுதான் அங்கே சொல்லப்படுவது.

குல் தெகின் வீழ்த்திய ஒன்பது பேருக்கு வருவோம். அங்கே இருக்கும் எண் தொகுஸ். துருக்கி, கசாக், உய்குர் என்று எங்கே போனாலும் சின்ன மாற்றங்களோடு இதே சொல்தான். வோல்கா கரைச் சுவாஷில் மட்டும் தஹர். ஒரே ஒரு சொல்லில் ஸகரம் ரகரமாக இருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் பெண் மற்ற மொழிகளில் கிஸ், சுவாஷில் ஹெர். எருது ஒகுஸ், சுவாஷில் வகர். நூறு யூஸ், சுவாஷில் செர். இதே போல ஷகரம் வரவேண்டிய இடத்தில் சுவாஷில் லகரம்: குளிர்காலம் கிஷ் என்றால் அங்கே ஹெல், கல் தாஷ் என்றால் அங்கே சுல், வெள்ளி குமுஷ் என்றால் அங்கே கெமெல்.

இந்த ஒழுங்குதான் முழு ஆய்வுக்கும் முதுகெலும்பு. தஹரும் தொகுஸும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கவில்லை, ஆனால் உறவு. ஒன்றுபோல் ஒலிக்கிற எத்தனையோ சொற்களுக்கு உறவே இல்லை. சுவாஷ் மொழி புல்கார்கள் என்ற பழைய துருக்கிய மக்களின் மொழியோடு தொடர்புடையது. மற்ற எல்லாக் கிளைகளும் ஒன்றாக இருந்த காலத்திலேயே அது தனியே பிரிந்துவிட்டது. அதனால் சுவாஷிலும் மற்றவற்றிலும் முறைப்படி ஒத்துவரும் சொல் என்றால், அது ஓர்க்கோன் கல்வெட்டுகளுக்குப் பல நூற்றாண்டு முந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். எழுத்தே இல்லாத காலத்துக்குள் நுழைய இதுதான் வாசல்.

இதற்கு வெளியிலிருந்து சாட்சி சொல்வது ஹங்கேரி மொழி. அது துருக்கிய மொழியே இல்லை, பின்லாந்து மொழிக்குத் தூரத்து உறவு. ஆனால் ஹங்கேரியர்கள் 895 வாக்கில் இன்றைய நாட்டுக்கு வந்து சேருமுன் கிழக்கே புல்வெளியில் துருக்கியர்களோடு நெடுங்காலம் வாழ்ந்தார்கள். அப்போது வாங்கிய சொற்கள் இன்றும் அங்கே அன்றாடச் சொற்கள். எருது ஒகொர். கன்று போர்யூ, பழைய துருக்கியத்தில் புஸாகு. மோதிரம் ஜூரூ, துருக்கியில் யூஸுக். இரட்டைப் பிள்ளை இகெர், துருக்கியில் இகிஸ். கடல் தெங்கெர், பழைய துருக்கியத்தில் தெங்கிஸ். எல்லாவற்றிலும் ரகரம். அதாவது சுவாஷ் வகை ஒலி பிற்காலத்தில் வந்த வட்டாரத் திரிபு இல்லை, 9-ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது. யாரிடமிருந்து மாடு வளர்ப்பைக் கற்றார்கள் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

சரி, முதலில் இருந்தது ரகரமா ஸகரமா? இதில் அறிஞர்கள் இரண்டு கட்சி. குடும்பத்துக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. பழைய துருக்கியத்தில் கண் கொஸ், பார்ப்பது கொர். கொழுத்தது செமிஸ், கொழுப்பது செம்ரி. ஒரே வேரில் இரண்டு ஒலியும் மாறி மாறி வருவதால், ரகரத்துக்கு நெருக்கமான தனி ஒலி ஒன்று இருந்து, சொல் இறுதியில் அது ஒரு கிளையில் ஸகரமாயிற்று என்ற பக்கம்தான் எனக்கு வலுவாகத் தெரிகிறது. எதிர்க்கட்சியில் இருப்பவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை.

குறில் நெடில் பிரச்சினை தமிழ் வாசகர்களுக்கு உடனே புரியும். இன்றைய துருக்கியில் குதிரை அத், பெயரும் கிட்டத்தட்ட அத். புல் ஒத், நெருப்பும் கிட்டத்தட்ட ஒத். இறுதி ஒலியில்தான் வேறுபாடு: குதிரையிலும் புல்லிலும் அழுத்தமான வல்லொலி, பெயரிலும் நெருப்பிலும் அதிர்வொலி. காரணம் துருக்கிக்குள் இல்லை. காஸ்பியன் கடலோரத் துர்க்மேனில் குதிரை அத், பெயர் ஆத். புல் ஒத், நெருப்பு ஓத். சைபீரியாவின் வடகிழக்கில் யாகுத்தில் பெயருக்கு ஆத், நெருப்புக்கு உவொத். இந்த இரண்டு மக்களுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். ஒருவரிடம் ஒருவர் கற்றிருக்க வாய்ப்பில்லை. ஆகவே நெடில் பொதுமூதாதையிடமிருந்து வந்த சொத்து. துருக்கி மொழி நெடிலைத் தொலைத்துவிட்டு, அதன் பாதிப்பை இறுதி மெய்யில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஓர்க்கோன் எழுத்தில் குறில் நெடில் வேறுபாடு கிடையாது என்பதால், ஒரு கல்வெட்டை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. துர்பான் பாலைவனத்தில் கிடைத்த சில பழைய உய்குர் ஏடுகள் பிராமி எழுத்தில் இருக்கின்றன. உயிரெழுத்துகளை நுட்பமாகக் காட்டுவதில் பிராமி வலிமையானது என்பதால், எந்தச் சொல்லில் உகரம், எந்தச் சொல்லில் ஒகரம் என்ற பல சந்தேகங்கள் அந்த ஏடுகளால் தீர்ந்தன. நம் எழுத்தின் மூதாதை அங்கே போய்ச் செய்த வேலை இது.

பாதத்துக்கான சொல்லையும் பார்த்துவிடலாம், அதில் ஒரு பொறி இருக்கிறது. ஓர்க்கோனில் அதக். துருக்கியில் அயக், சைபீரியாவின் ககாஸில் அஸாக், யாகுத்தில் அதாக், சுவாஷில் உரா. நடுமெய் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு மாதிரி. ஆனால் ஒவ்வொரு கிளையிலும் முறை தவறாமல். மத்திய ஈரானில் கலஜ் என்ற சிறு மொழி இருக்கிறது. 1960-களின் இறுதியில் ஜெர்மன் அறிஞர் கெர்ஹார்ட் தோர்ஃபர் குழுவோடு போய் அதைப் பதிவு செய்தார். அங்கே பாதம் ஹதக். மற்ற எல்லா மொழிகளும் தொலைத்த முதலொலி ஒன்று அங்கே மிஞ்சியிருக்கிறது என்றும், அந்த ஹகரம் இன்னும் பழைய பகரத்திலிருந்து வந்திருக்கலாம் என்றும் அவர் கருதினார். அப்படியானால் மூலவடிவம் பதக். உடனே சமஸ்கிருதப் பாதம் நினைவுக்கு வரும். அங்கேதான் நிறுத்த வேண்டும். ஒரு சொல் பொருந்துவது ஒன்றையும் நிறுவாது. தொகுஸுக்கும் தஹருக்கும் இருந்தது போன்ற வரிசை இங்கே இல்லை.

எருதுக்கும் இதே சிக்கல். தாரிம் படுகையில் பேசப்பட்ட இந்தோ-ஐரோப்பிய மொழியான தொகாரியத்தில் எருது ஒக்ஸோ. துருக்கிய ஒகுஸ் அங்கிருந்து வந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் 13-ஆம் நூற்றாண்டு மங்கோலியத்தில் எருது ஹுகெர். அந்த ஹகரம் எங்கிருந்து வந்தது? துருக்கியத்திலிருந்து மங்கோலியர் வாங்கினார்கள் என்றால் துருக்கிய மூலத்திலும் முதலில் ஒரு மெய் இருந்திருக்க வேண்டும். தொகாரியத்தில் அது இல்லை. என் கணிப்பில் இந்த ஒரு ஹகரம் அந்த அழகான விளக்கத்தைப் பாதிக்குமேல் பலவீனப்படுத்துகிறது. பத்தாயிரத்தைக் குறிக்கும் துமென் விஷயத்தில் தொகாரியத் தொடர்பு மறுக்க முடியாதது, அங்கேயும் ஏறக்குறைய அதே சொல் இருக்கிறது. யார் யாரிடமிருந்து வாங்கினார்கள் என்பதில்தான் சண்டை. ஈரானில் இன்றும் பணத்தைத் தொமான் என்று எண்ணுகிறார்களே, அது இதே சொல்தான்.

கடன்சொல்லை அடையாளம் காண இன்னொரு எளிய வழி மொழிமுதல் எழுத்து. ரகரமும் லகரமும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி. பழைய துருக்கியத்திலும் அப்படியே. ஆகவே பன்றி ஆண்டைக் குறிக்கும் லக்ஸின் என்ற சொல் கல்வெட்டில் வந்தால், வேரைத் தேடுமுன்பே அது வெளிச்சொல் என்று சொல்லிவிடலாம். நாம் ராமனை இராமன் ஆக்குவதுபோல அவர்களும் முன்னால் ஓர் உயிரைச் சேர்ப்பார்கள். ரஷ்யர்களை உருஸ் என்றார்கள். பாரசீக ரோஸா, நோன்பு, கசாக்கில் ஒராஸா ஆயிற்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சொல் ரத்னம். சமஸ்கிருதத்திலிருந்து பௌத்த நூல்களோடு சோக்தியத்துக்குப் போய், அங்கிருந்து பழைய உய்குருக்குப் போய் எர்தினி ஆனது. தெற்கே நாம் இரத்தினம் ஆக்கினோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே காரணத்துக்காக ஒரே இடத்தில் உயிரைச் சேர்த்தன. உய்குரிலிருந்து மங்கோலியத்துக்குப் போய் எர்தெனி. 1585-இல் கட்டத் தொடங்கிய எர்தெனி ஸூ மடாலயம் அதே ஓர்க்கோன் பள்ளத்தாக்கில்தான் நிற்கிறது.

இந்தியச் சொற்கள் அந்தப் பக்கம் போன பாதையையும் ஒலி காட்டிக்கொடுக்கும். பௌத்த ஒழுக்கவிதியைக் குறிக்கும் சமஸ்கிருத சிக்ஷாபதம் உய்குரில் சக்ஷபத். நேரடியாக வாங்கியிருந்தால் இவ்வளவு உருமாற்றம் வேண்டியதில்லை. சோக்தியத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த உருவமே உய்குரில் தெரிகிறது. உய்குர் நாட்காட்டியில் பன்னிரண்டாம் மாதத்துக்கே அந்தப் பெயர்தான். குல் தெகின் கல்வெட்டில் ஒரு வீரனின் பட்டம் இஷ்பரா. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு ககானே, அதாவது பேரரசரே, அந்தப் பட்டத்தோடு ஆண்டிருக்கிறார். ஈஸ்வர என்ற சொல்தான் அது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

நான் மேலே 11-ஆம் நூற்றாண்டு அகராதி என்றேனே, அது மஹ்மூத் அல்-காஷ்கரி 1070-களில் பாக்தாதில் தொகுத்த துருக்கிய-அரபு அகராதி. 1266-இல் எழுதிய ஒரே ஒரு படிதான் மிஞ்சியது, இன்று இஸ்தான்புலில் இருக்கிறது. எந்தக் குலம் எந்த ஒலியை எப்படி மாற்றிச் சொல்கிறது என்று அந்த மனிதர் அப்போதே குறித்துவைத்தார். ஓகுஸ் மக்கள் ஒட்டகத்தின் பெயரில் முதல் தகரத்தை அதிர்வோடு சொல்கிறார்கள், முத்துக்கு மற்றவர்கள் யின்சு என்றால் இவர்கள் ஜின்சு என்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறார். முத்துக்கான இந்தச் சொல்லும் சீனத்திலிருந்து வந்தது. ஹங்கேரி வரை, ரஷ்யா வரை போயிருக்கிறது.

காஷ்கரியின் அகராதியில் துவெக் என்று ஒரு பதிவு. வில்லோ மரத்தின் இளங்கொம்பிலிருந்து பட்டையைக் குழாய்போல் உருவியெடுத்து, உருண்டை வைத்துச் சிட்டுக்குருவியை அடிக்கும் ஊதுகுழல். பாரசீகத்திலும் துஃபக் என்று இதற்கு நெருங்கிய சொல் உண்டு. வெடிமருந்து வந்தபோது அதே சொல் புதுக் கருவிக்கு ஏறியது: துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங்க், தமிழில் துப்பாக்கி. முதலில் வைத்திருந்தவர்கள் துருக்கியரா பாரசீகரா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. தமிழில் துப்பு என்ற வினை இருப்பதால் குண்டைத் துப்புவது துப்பாக்கி, ஆகவே சொல் நம்முடையது என்று எழுதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். துப்பும் ஓசையைப் போலச்செய்த சொற்கள் பாரசீகத்திலும் உண்டு, இன்னும் பல மொழிகளிலும் உண்டு. வாய் எழுப்பும் ஓசை எல்லோருக்கும் ஒன்று. அதனால்தான் ஓசைச் சொற்களையும், அம்மா அப்பா போன்ற குழந்தைச் சொற்களையும் இந்த ஆய்வில் சான்றாகச் சேர்ப்பதில்லை.

தாம்சன் முதலில் படித்த தெங்ரிக்கு வருகிறேன். இது துருக்கியரின் மிகப் புனிதமான சொல், ஆகவே சொந்தச் சொல்லாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒலிகள் அடங்க மறுக்கின்றன. துருக்கிய மொழிகளில் ஒரு சொல்லின் உயிர்கள் எல்லாம் ஒரே இனமாக இருக்கும், கிளைகளுக்கிடையே அந்த இனம் எளிதில் மாறாது. இந்தச் சொல்லோ ஓர்க்கோனில் தெங்ரி, துருக்கியில் தன்ரி, யாகுத்தில் தங்காரா, சுவாஷில் துரா. இப்படி ஒழுங்கு கெட்டால் கடன் என்ற சந்தேகம் எழும். கி.பி. முதல் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூலான ஹான் ஷூ, சீனத்துக்கு வடக்கே புல்வெளியில் வாழ்ந்த ஷியோங்னு மக்கள் வானத்தை இப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு சொல்லைச் சீன எழுத்தில் தருகிறது. இது தெங்ரிதான் என்று தெரிகிறது. ஷியோங்னு எந்த மொழி பேசினார்கள் என்பது தீராத வழக்கு. சைபீரியாவின் யெனிசெய் ஆற்று மொழிகளில் உயரமானது என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து இது வந்திருக்கலாம் என்று ஷ்டெஃபான் கெயோர்க் முன்வைத்தார். ஒலியின் ஒழுங்கீனத்தை இது விளக்குகிறது என்பதால் நான் இதை மதிக்கிறேன். முடிந்த வழக்காக எண்ணவில்லை.

இதற்கும் பின்னால் போனால் அல்தாயிக் விவாதம். துருக்கியம், மங்கோலியம், மஞ்சு மொழி அடங்கிய துங்கூசியம் மூன்றும், சிலர் கணக்கில் கொரியமும் ஜப்பானியமும், ஒரே தாயின் பிள்ளைகளா? 2003-இல் ஸ்தாரோஸ்தின், தீபோ, முத்ராக் மூவரும் பெரிய அகராதியே போட்டார்கள். கிளாசனும் தோர்ஃபரும் முன்பே மறுத்திருந்தார்கள். கெயோர்க்கும் அலெக்சாந்தர் வோவினும் அகராதியைக் கடுமையாக விமர்சித்தார்கள். பொதுச்சொற்களில் பெரும்பகுதி நெடுங்காலக் கொடுக்கல் வாங்கலாலும் விளக்கப்படும் என்பது மறுப்பவர்களின் வாதம். நான் இந்தப் பக்கம்தான். கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை இதே திசையில், சித்தியக் குடும்பம் என்று அப்போது அழைத்த தொகுதியோடு சேர்க்க முயன்றார். ஒட்டுநிலை, பின்னொட்டு, வினை இறுதியில் வருவது ஆகியவை அவரை ஈர்த்தன. இந்த அமைப்புகள் உலகில் உறவில்லாத பல மொழிகளில் தனித்தனியே உண்டு, அதனால் இன்று அந்தக் கருத்துக்கு ஆதரவு இல்லை. துருக்கியிலும் ஒரு காலம் இருந்தது: 1936-இல் சூரிய மொழிக் கோட்பாடு என்ற பெயரில், உலக மொழிகள் எல்லாம் துருக்கியத்திலிருந்து பிறந்தவை என்று மாநாட்டிலேயே பேசினார்கள். சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். மொழிப்பற்று தவறில்லை, ஆனால் அது ஒலிவிதியின் இடத்தில் உட்கார்ந்தால் ஆய்வு நின்றுவிடும்.

சான்று மிகக் குறைந்துபோகும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 4-ஆம் நூற்றாண்டில் வட சீனத்தை ஆண்ட ஜியே மக்களின் மொழியில் ஒரு குறிவாக்கு, சீன வரலாற்று நூல் ஜின் ஷூவில் இருக்கிறது. 329-இல் நடந்த போருக்கு முன் சொல்லப்பட்டது. மொத்தம் பத்துச் சீன எழுத்துகள், கூடவே சொல்லுக்குச் சொல் பொருளும் தரப்பட்டிருக்கிறது. படை, புறப்படு, எதிரியின் பட்டம், பிடி. பொருள் தெரிந்தும் மொழி எதுவென்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. துருக்கியம் என்று ராம்ஸ்டெட் முதல் பலர் படித்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. வோவின் யெனிசெய் மொழி என்று படித்தார். பத்து அசைகளில் ஒலி வரிசைக்கு இடமே இல்லை. அதனால் ஜியே வாக்கைத் துருக்கியத்தின் முதல் வாக்கியம் என்று யாராவது உறுதியாக எழுதினால் நான் அதை ஏற்கமாட்டேன்.

புதிய சான்றுகளும் வராமல் இல்லை. மங்கோலியாவின் குயிஸ் தொல்கோய் என்ற இடத்துக் கல்வெட்டு பிராமி எழுத்தில் இருக்கிறது. நெடுநாள் படிக்கப்படாமல் கிடந்ததை, 2010-களின் பிற்பகுதியில் தீட்டர் மாவே, வோவின், மெஹ்மெத் ஒல்மெஸ், எத்தியென் த லா வெஸியேர் சேர்ந்து படித்தார்கள். துருக்கியமாக இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் மங்கோலியத்துக்கு உறவான மொழி வெளிப்பட்டது. ஓர்க்கோன் தூண்களைவிட ஒரு நூற்றாண்டுக்குமேல் பழையது. ககான் என்ற பட்டம் அதில் இருக்கிறது, துருக்கியரின் பெயரும் இருக்கிறது. ககான் பட்டத்தைத் துருக்கியருக்கு முன்பே மங்கோலியப் புல்வெளியை ஆண்ட ரௌரான் அரசர்கள் 402 முதல் சூடிவந்தார்கள் என்பது சீன நூல்களில் ஏற்கெனவே தெரிந்ததுதான். இப்போது புல்வெளியின் கல்லிலேயே, துருக்கியம் அல்லாத மொழியில் அது கிடைத்துவிட்டது. இளவரசனைக் குறிக்கும் தெகின் போன்ற பட்டங்களின் வேரைத் துருக்கிய வினைகளில் தேடிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பதிவுகளை மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.